பெட்ரோல் வேண்டாம்; காற்று வேண்டும்!

அமெரிக்காவில் ஒரு குடும்பம் புதிதாக மின்சார லாரி வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரி என்றால் மூட்டை ஏற்றும் பெரிய லாரி அல்ல. முன்னால் கார் போலவும், பின்னால் திறந்த தொட்டியும் உள்ள "பிக்கப்" வண்டி. அந்த நாட்டில் விவசாயி முதல் வக்கீல் வரை வைத்திருக்கும் வண்டி இது.

குடும்பம் கடற்கரைக்குப் புறப்படுகிறது. வட கரோலினா மாநிலத்தில் ஹட்டராஸ் முனை என்ற நீண்ட கடற்கரை இருக்கிறது. அனுமதிச் சீட்டு வாங்கினால் அங்கே மணல் மீதே வண்டி ஓட்டலாம். அப்பா ஓட்டுகிறார். அம்மா பக்கத்தில். பின் ஆசனத்தில் குழந்தைகள். தொட்டியில் குடை, தூண்டில், சாப்பாட்டுக் கூடை.

மணலுக்குள் போகுமுன் அப்பா கீழே இறங்குகிறார். நாலு டயர்களிலும் காற்றைத் திறந்து விடுகிறார். டயர் தளர்ந்தால் அகலமாகப் படியும், மணலில் புதையாது. "20 ராத்தலுக்குக் குறையுங்கள்" என்று அந்தக் கடற்கரையைப் பராமரிக்கும் பூங்கா அதிகாரிகளே சொல்கிறார்கள்.

(ராத்தல் என்பது பவுண்டு. ஒரு சதுர அங்குல இடத்தைக் காற்று எத்தனை ராத்தல் பலத்தோடு அழுத்துகிறது என்பதே டயர்க் காற்றின் கணக்கு.)

மாலை ஆயிற்று. விளையாட்டு முடிந்தது. வண்டி தார் ரோட்டுக்கு ஏறியது. ரோட்டில் ஓட 48 ராத்தல் காற்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பதோ 20!

காற்றுக்கு எங்கே போவது?

பங்க்கோடு போன காற்று

பெட்ரோல் வண்டிக்காரருக்கு இந்தக் கவலை இல்லை. எப்படியும் அவர் பெட்ரோல் பங்க்குக்குப் போயாக வேண்டும். போன இடத்தில் காற்றும் பிடித்துக்கொள்வார்.

மின்சார வண்டிக்காரர் பங்க் பக்கமே போவதில்லை. பெரும்பாலோர் இரவில் வீட்டிலேயே பிளக்கைச் செருகி விடுகிறார்கள். காலையில் பேட்டரி நிறைந்திருக்கும். வெளியூரில் மின்சாரம் ஏற்றும் நிலையங்கள் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் காற்றுக் குழாய் கிடையாது.

எரிபொருள் வீட்டுக்கு வந்து விட்டது. காற்று மட்டும் பங்க்கிலேயே தங்கி விட்டது!

கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. பெட்ரோல் பங்க்குகள் காற்றும் தண்ணீரும் இலவசமாகத் தர வேண்டும் என்பது அந்தச் சட்டம். யாருக்கு? எரிபொருள் வாங்கும் வாடிக்கைக்காரருக்கு! மின்சார லாரிக்காரர் எரிபொருள் வாங்குவதில்லை. ஆகவே இலவசம் கேட்க அவருக்கு உரிமை இல்லை.

இன்னொரு விதியும் உண்டு. சொந்தக் காருக்கு எடை வரம்பு இல்லை. வர்த்தக வண்டியானால், சுமை இல்லாத எடை 6,000 ராத்தலுக்கு, அதாவது சுமார் 2,720 கிலோவுக்கு, மேற்படக் கூடாது. பிக்கப் வண்டிகளை அங்கே பெரும்பாலும் வர்த்தக வண்டிகளாகவே பதிவு செய்கிறார்கள். பெரிய மின்சாரப் பிக்கப்புகள் பல இந்த எடையைத் தாண்டி விடுகின்றன.

சட்டம் செய்தவர்கள் இவர்களைத் தள்ளி வைக்க நினைக்கவில்லை. அப்போது இந்த வண்டிகளே இல்லை. காலம் முன்னே ஓடியது. சட்டம் பின்னே நின்றது. அவ்வளவுதான்.

ஸ்டெப்னி எங்கே?

"காற்று இறங்கினால் என்ன? ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போகலாமே!" என்று நீங்கள் கேட்கலாம்.

1904-ம் வருஷத்தில் வேல்ஸ் நாட்டின் லானெல்லி நகரில் மாற்றுச் சக்கரம் ஒன்றைச் செய்து விற்றார்கள். கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. தெருவின் பெயரே சக்கரத்தின் பெயராயிற்று. அந்தப் பெயரைத்தான் நாம் இன்றும் சொல்லுகிறோம்.

அந்த ஸ்டெப்னி இப்போது மறைந்து கொண்டு வருகிறது. அமெரிக்க மோட்டார் சங்கம் 2015-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. 2006-ம் வருஷ வண்டிகளில் 100-க்கு 5 ஸ்டெப்னி இல்லாமல் விற்கப்பட்டன. 2015-ம் வருஷ வண்டிகளிலோ 100-க்கு 36!

காரணம் என்ன? எடை குறையும். செலவு குறையும். இடம் மிச்சமாகும். மின்சார வண்டியில் பேட்டரிக்கே நிறைய இடம் வேண்டும். 2023 நவம்பர் 30-ந் தேதி முதன் முதலாக வாடிக்கைக்காரர்களுக்குத் தரப்பட்ட டெஸ்லா சைபர்டிரக் என்ற மின்சார லாரி, ஸ்டெப்னி இல்லாமலே வந்தது. வேண்டுமானால் தனியாகப் பணம் கட்டி வாங்க வேண்டும்.

கணக்குப் பாருங்கள். பங்க் தந்து வந்த காற்று போயிற்று. கம்பெனி தந்து வந்த ஸ்டெப்னியும் போயிற்று. இரண்டின் பொறுப்பும் குடும்பத்தின் தலையில் வந்து விழுந்திருக்கிறது!

யானை கனம்

மின்சார லாரிக்குக் காற்று முக்கியம் என்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. அதுதான் கனம்.

2023 ஜனவரியில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவி ஜெனிபர் ஹோமன்டி ஒரு பிரசங்கத்தில் எச்சரிக்கை செய்தார். மின்சார ஹம்மர் வண்டியின் எடை 9,000 ராத்தலுக்கு மேல், அதாவது 4,000 கிலோவுக்கு மேல். அதன் பேட்டரி மட்டுமே 2,900 ராத்தல். ஒரு சிறு காரின் எடை அது! போர்டு கம்பெனியின் எப்-150 லைட்னிங் என்ற மின்சார லாரி, அதே இனத்தைச் சேர்ந்த பெட்ரோல் லாரியை விட 2,000 முதல் 3,000 ராத்தல் வரை கூடுதல் கனம் என்றும் அவர் சொன்னார்.

இத்தனை கனத்தையும் தாங்குவது எது? ரப்பரா? இல்லை. ரப்பருக்குள் அடைபட்ட காற்று!

காற்றுக் குறைந்தால் டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி நிமிரும். நசுங்கி நிமிர்ந்தால் சூடேறும். வேகமாக ஓடினால் சூடு இன்னும் ஏறும். சூடு மிஞ்சினால் டயர் பிரிந்து போகும்.

270 உயிர்கள்

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2000-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் பயர்ஸ்டோன் கம்பெனி சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பெரும்பாலும் போர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்த டயர்கள் அவை. ஓடும்போதே டயரின் மேல் பட்டை பிரிந்தது, வண்டிகள் உருண்டன. 270-க்கு மேற்பட்டவர்கள் மாண்டதாகக் கணக்கிடப்பட்டது.

டயரில்தான் குறை என்று சர்க்கார் விசாரணை முடிவு சொல்லியது. ஆனால் காற்றைப் பற்றியும் பெரிய வாதம் நடந்தது. போர்டு கம்பெனி 26 ராத்தல் போதும் என்று சொல்லியிருந்தது. 30 ராத்தல் வேண்டும் என்றது டயர்க் கம்பெனி.

அந்த வருஷமே அமெரிக்கப் பார்லிமெண்டு புதுச் சட்டம் செய்தது. அதன் பயனாக, காற்றுக் குறைந்தால் ஓட்டுபவர் முன் விளக்கு எரிந்து எச்சரிக்கும் கருவி கட்டாயமாயிற்று. 2007 செப்டம்பர் முதல் விற்கும் புதுக் கார்கள், சிறு லாரிகள் எல்லாவற்றிலும் அது வந்து விட்டது.

ஆனால் ஒரு விஷயம். சொன்ன அளவில் கால் பங்கு குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பதே சட்டம். 48 ராத்தல் வேண்டிய டயர் 36-க்கு இறங்கும் வரை விளக்கு பேசாமல் இருக்கலாம்! குளிர் வேறு இருக்கிறது. பாரன்ஹீட் கணக்கில் 10 டிகிரி குளிர்ந்தால் சுமார் 1 ராத்தல் குறையும். அமெரிக்க வட மாநிலங்களில் ஒரே வாரத்தில் 50 டிகிரி இறங்குவது உண்டு. ஆணி குத்தாமலே 5 ராத்தல் போய் விடும்.

ஆகவே, விளக்கை நம்பி இருப்பதை விடக் கையில் ஒரு காற்று யந்திரம் இருப்பது மேல். எந்த யந்திரம்? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஏரி பெரிது, மடை சிறிது

கையில் எடுத்துப் போகும் காற்று யந்திரங்கள் நாலு வகை.

முதல் வகை, முன்பு சிகரெட் பற்ற வைக்க இருந்த 12 வோல்ட் துளையில் செருகுவது. விலை குறைவு. பலமும் குறைவு. அந்தத் துளைக்குப் பின்னால் இருக்கும் பியூஸ் 10 ஆம்பியர் என்றால், கிடைப்பது 120 வாட்தான். 15 ஆம்பியர் என்றால் 180 வாட். இதற்கு மேல் இழுத்தால் பியூஸ் போய் விடும்.

எப்-150 லைட்னிங் லாரியின் பெரிய பேட்டரி 131 கிலோவாட் மணி மின்சாரம் கொண்டது. நாலு டயர்களுக்குக் காற்றடிக்க அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட வேண்டாம். ஆனாலும் அந்தத் துளை வழியாகக் கொஞ்சம்தான் வரும். ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் மடை சிறிதானால் வயலுக்கு மெதுவாகத்தானே பாயும்?

இரண்டாம் வகை, 12 வோல்ட் பேட்டரியின் முனைகளை நேராகக் கவ்விப் பிடிக்கும் பெரிய யந்திரம். பெட்ரோல் லாரிக்கு இது மிக நல்லது. மின்சார லாரியில் யோசிக்க வேண்டும். இங்கே என்ஜினைச் சுழற்றும் வேலை இல்லாததால் 12 வோல்ட் பேட்டரி சிறியதாக இருக்கலாம். எட்டாத இடத்திலும் இருக்கலாம். கதவுப் பூட்டுக்கும் வண்டியின் மூளைக்கும் மின்சாரம் தருவது அதுதான். அதை வறட்டி விட்டால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி கிளம்பாது! சைபர்டிரக்கிலோ இந்தச் சிறு மின்சாரம் 12 வோல்ட் அல்ல, 48 வோல்ட். 12 வோல்ட் யந்திரத்தை அதில் மாட்டினால் யந்திரம் கருகி விடும். வண்டியோடு வரும் கைப்புத்தகத்தைப் படிக்காமல் கவ்வியை எடுக்கவே கூடாது.

மூன்றாம் வகை, தன் பேட்டரியைத் தானே சுமப்பது. கம்பி இல்லை. நாலு சக்கரத்துக்கும் கையில் எடுத்துப் போகலாம். பக்கத்து வண்டிக்காரருக்கும் உதவலாம். ஆனால் மாதக்கணக்கில் தொடாமல் வைத்தால் பேட்டரி இறங்கி விடும். கடுங்குளிரில் பலம் குறையும். வேண்டிய நேரத்தில் கை விரிக்கும்!

நாலாம் வகை, வீட்டுப் பிளக்கில் ஓடும் பட்டறை யந்திரம். பெட்ரோல் லாரிக்காரர் பலர் இதை வழியில் ஓட்ட முடியாது. மின்சார லாரிக்காரர் சிலர் ஓட்டலாம். எப்-150 லைட்னிங் வண்டியின் தொட்டியிலேயே வீட்டுப் பிளக் போன்ற துளைகள் உண்டு. குறைந்த வகையிலும் 2,400 வாட் கிடைக்கும். மடையே பெரிதாகி விட்டது! ஆனால் யந்திரம் கனம், சத்தம், இடத்தையும் அடைக்கும்.

2021-ல் வந்த ரிவியன் ஆர்1டி லாரியில் கம்பெனியே தொட்டியில் ஒரு காற்று யந்திரத்தைப் பொருத்திக் கொடுத்தது. "கார் விற்கிறவர் காற்றையும் கூடத் தர வேண்டும்" என்பதை ஒரு கம்பெனியாவது உணர்ந்திருந்தது என்பதற்கு இது சாட்சி.

பெட்டியின் மேல் உள்ள எண்

கடையில் யந்திரத்தின் பெட்டியைப் பாருங்கள். "150 ராத்தல்!" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். இதைப் பார்த்து மயங்க வேண்டாம். நமக்கு வேண்டியது 48. முந்நூறு ராத்தல் அடிக்கும் யந்திரமானாலும் மெதுவாக அடித்தால் என்ன பயன்?

பார்க்க வேண்டிய எண் வேறு. நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் காற்றுத் தள்ளுகிறது? அதுதான் கேள்வி.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். சிறு காரின் டயருக்குள் சுமார் 30 லிட்டர் இடம் இருக்கும். பெரிய பிக்கப் டயரில் சுமார் 80 லிட்டர். அதை 20 ராத்தலிலிருந்து 48-க்கு ஏற்ற, வெளிக் காற்றில் சுமார் 150 லிட்டரை உள்ளே திணிக்க வேண்டும். நாலு டயர்களுக்கு 600 லிட்டர்.

நிமிஷத்துக்கு 20 லிட்டர் தள்ளும் சிறு யந்திரத்துக்கு அரை மணி நேரம் ஆகும். 60 லிட்டர் தள்ளுவதற்கு 10 நிமிஷம் போதும். பெட்டியில் போட்ட லிட்டர்க் கணக்கு வெறும் காற்றில் அளந்தது. டயர் நிறைய நிறைய எதிர்ப்புக் கூடும், வேகம் குறையும். ஆகவே கொஞ்சம் கூட்டியே கணக்கிடுங்கள்.

இன்னொன்று: ஓய்வு. காற்றை அழுத்தினால் சூடு பிறக்கும். சிறு யந்திரங்கள் பல 10, 15 நிமிஷம் ஓடினால் ஆற விட வேண்டும். அரை மணி வேலைக்கு 10 நிமிஷ யந்திரத்தை வாங்கினால், கடற்கரையில் இருட்டும் வரை உட்கார வேண்டியதுதான்! "எத்தனை நிமிஷம் தொடர்ந்து ஓடும்?" என்று கேட்டு வாங்க வேண்டும்.

மேலும் நாலு சோதனைகள்

கம்பியும் குழாயும் எட்டுமா? இந்த வண்டிகள் 18, 19 அடி நீளம். துளை முன்னால் இருக்கும். பின் சக்கரம் வரை எட்டா விட்டால் யந்திரம் வீண்.

சொன்ன அளவு வந்ததும் தானே நிற்குமா? நின்றால் நல்லது. ஆனாலும் அதன் அளவைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல், தனி அளவுமானி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஹட்டராஸ் கடற்கரையில் மணலில் ஓடும் ஒவ்வொரு வண்டியிலும் அளவுமானி இருக்க வேண்டும் என்பது விதி. மண்வெட்டியும் ஜாக்கியும் அதன் அடியில் வைக்கும் பலகையும் கூடக் கட்டாயம்.

எந்த அளவுக்கு அடிப்பது? ஓட்டுபவரின் கதவுப் பக்கச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். டயரின் மேல் அச்சிட்ட எண்ணை எடுக்காதீர்கள். அது டயர் தாங்கும் மேல் எல்லை. வண்டிக்கு உரிய அளவு அல்ல. ஓடிச் சூடான டயரை அளந்தால் கணக்குக் கூடுதலாகக் காட்டும். ஆற விட்டு அளக்க வேண்டும்.

ஓட்டை இருந்தால்? ஆணி குத்தி மெதுவாக இறங்கினால், காற்றடித்துக்கொண்டு பக்கத்துக் கடை வரை போகலாம். டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் எந்தக் காற்று யந்திரமும் உதவாது. ஸ்டெப்னிக்குப் பதிலாகச் சில கம்பெனிகள் தரும் ஒட்டுத் திரவமும் அதற்கு உதவாது. திரவத்தின் ஆயுள் 4 முதல் 8 வருஷம்தான் என்று அமெரிக்க மோட்டார் சங்கம் சொல்கிறது. தூரப் பிரயாணம் போகிறவர் யந்திரத்தோடு ஸ்டெப்னியும் கேட்டு வாங்குவதே புத்தி.

யாருக்கு எது?

ஊருக்குள் ஓடும் லாரிக்கு, தன் பேட்டரியும் 12 வோல்ட் கம்பியும் இரண்டும் உள்ள சிறு யந்திரம் போதும். பேட்டரி இறங்கினாலும் கம்பி கை கொடுக்கும். மாதம் ஒரு முறை எடுத்து மின்சாரம் ஏற்றி, நாலு டயர்களையும் பார்த்து விட வேண்டும்.

மணலுக்கும் மலைக்கும் போகிறவருக்கு அது போதாது. தொட்டியில் பிளக் உள்ளவர் பட்டறை யந்திரத்தைத் தூக்கிப் போடலாம். இல்லாதவர், தன் பேட்டரியிலேயே அதிக லிட்டர் தள்ளி, நீண்ட நேரம் ஓடும் பெரிய யந்திரத்தைத் தேட வேண்டும்.

எதை வாங்கினாலும், ஒரே கம்பெனி வண்டிக்கு மட்டும் பொருந்துவதாக இருக்கக் கூடாது. அமெரிக்காவில் மின்சார லாரி வியாபாரம் இப்போது நிதானமாக இல்லை. புது மின்சார வண்டி வாங்குவோருக்கு 7,500 டாலர் வரை கிடைத்து வந்த வரிச் சலுகை 2025 செப்டம்பர் 30-ந் தேதியோடு நின்றது. எப்-150 லைட்னிங் உற்பத்தியை நிறுத்துவதாகப் போர்டு கம்பெனி அதே வருஷம் டிசம்பரில் அறிவித்தது. வண்டி வரும், போகும். யந்திரம் அடுத்த வண்டிக்கும் உதவ வேண்டும்!

நமக்கும் வந்த விஷயம்

"அமெரிக்காக்காரன் கவலை நமக்கு எதற்கு?" என்று நினைக்க வேண்டாம். நம் மத்திய சர்க்கார் 2020 ஜூலையில் மோட்டார் விதிகளைத் திருத்தியது. டியூப் இல்லாத டயர், காற்றுக் குறைந்தால் சொல்லும் கருவி, பஞ்சர் ஒட்டும் சாமான் ஆகிய மூன்றும் இருந்தால், பயணிகள் காரில் ஸ்டெப்னி கட்டாயம் இல்லை என்பது திருத்தம். மின்சாரக் காரில் பேட்டரிக்கு இடம் கிடைக்கும் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

நமக்கு இன்னும் தெருவுக்குத் தெரு பஞ்சர்க் கடை இருக்கிறது. கூப்பிட்டால் ஓடி வரும் பையன் இருக்கிறான். ஆகவே கஷ்டம் உடனே தெரியாது. ஆனாலும் புதுக் கார் வாங்கப் போகிறவர்கள், "ஸ்டெப்னி உண்டா? இல்லையென்றால் காற்று யந்திரம் தருவீர்களா?" என்று பணம் கட்டும் முன்பே கேட்டு விடுவது நல்லது.

பங்க்கில் காற்றுப் பிடிக்க நின்ற இரண்டு நிமிஷத்தில் நம்மை அறியாமலே டயரையும் ஒரு பார்வை பார்த்து வந்தோம். அந்தப் பழக்கம்தான் பல உயிர்களைக் காத்தது. பங்க்கை விட்டாலும் பழக்கத்தை விடக் கூடாது.

மின்சாரம் வண்டியை ஓட்டும். ஆனால் வண்டியைச் சுமப்பது காற்றுதான்!